கஷ்ட காலத்தில் கர்த்தருக்குள் சந்தோஷம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருஷம் தொங்கியது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அந்த வசனத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து நானேதான் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். அப்பா அப்போதும் படுக்கையில்தான் இருந்தார். இடையில் எது உதவியது, எது உதவவில்லை என்று நான் கண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

சமீபத்தில் விசுவாசத்துக்குள் வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்குப் போனதோடு சரி, இப்போது ஒரு நோயோ கடனோ சாவோ வந்தபிறகு மறுபடி வேதத்தைத் திறந்திருக்கிறேன் என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் (4:11; மனரம்மியம் என்றால் கிட்டத்தட்ட மனநிறைவு). "கற்றுக்கொண்டேன்" என்பதுதான் அந்த வார்த்தை. மனந்திரும்பிய அன்றே அவருக்கு அது கிடைத்துவிடவில்லை. அப்போஸ்தலனே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், நமக்கும் கொஞ்ச நாள் பிடிக்கும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று உங்களையே குற்றம்சாட்டிக்கொள்ளாதீர்கள்.

முதலில் சாப்பாடு, தூக்கம், மருந்து

இதை ஆவிக்குரிய காரியமாக நிறைய பேர் எண்ணுவதில்லை. எலியாவின் கதையைப் படித்துப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விடுகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து, சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான். ஓரேப் மலையிலே மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம் இதுதான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையா, சாப்பிடுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவரைப் பக்கத்தில் படுக்கச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். நான் நான்கு மாதம் யாரையும் கேட்கவில்லை. கேட்டபோது அண்ணி அன்று சாயங்காலமே பையோடு வந்து நின்றார்.

டாக்டர் கொடுத்த மருந்தை, விசுவாசத்தின் பேரில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால்தான் சுகம் வரும் என்றார். அம்மா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்துவிட்டு, அப்பாவுக்கு எட்டு மணி மாத்திரையைக் கொடுத்தார். புதிய ஏற்பாட்டில் ஒரு பெரிய பகுதியை எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் பவுல் அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). ஜெபமும் மருந்தும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அழுகையை ஜெபமாக்குங்கள்

கிறிஸ்தவன் என்றால் எப்போதும் "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்று சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நம் சபைகளில் இருக்கிறது. அது நம்மைப் பொய் சொல்ல வைக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. அடுத்த இரண்டில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். ஐந்தாம் வசனத்தில், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறார். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் எதிரி செத்தான் என்றோ நிலைமை மாறியது என்றோ ஒரு வார்த்தையும் கிடையாது. யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

இதே வரிசையில் நீங்களும் எழுதுங்கள். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். முதலில் முறையிடுங்கள், பெயர் சொல்லி, நேரம் சொல்லி. "என் கஷ்டங்களைப் பாரும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்: "ஆண்டவரே, ராத்திரி இரண்டு மணி. நாலாவது தடவை படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். அப்பா வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நீர் எங்கே இருக்கிறீர்?" அதற்குக் கீழே, இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். அப்புறம் அவரைப் பற்றி உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு உண்மையை எழுதுங்கள். உணர்வு வரவில்லை என்றாலும் பரவாயில்லை, உண்மை உண்மைதானே. நான் பல நாள் "நீர் சிலுவையில் செத்தீர்" என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் அன்று என்னிடம் இல்லை.

இரண்டு வாரம் இதைச் செய்தால் அழுகை நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியாக அழுவதும் ஒருவர் முன்னால் அழுவதும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு மாதம் பிலிப்பியர் மட்டும்

புதிதாக வாசிப்பவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் மாட்டிக்கொள்வது வழக்கம். கஷ்டத்தில் இருக்கும்போது அப்படித் தொடங்க வேண்டாம். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை எடுங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம். முதல் நாள் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள், இருபது நிமிஷத்துக்குள் முடியும். அப்புறம் வாரத்துக்கு ஓர் அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு அப்புறம் பழையதற்கு வாருங்கள். பழைய நடைக்கு ஒரு பலன் உண்டு, மனதில் தங்கும். "மனரம்மியம்" என்ற சொல்லுக்கு ஈடாக இன்றைய தமிழில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சந்தோஷம் என்று திரும்பத் திரும்பப் பேசுகிற இந்தக் கடிதம் காவலில் இருந்து எழுதப்பட்டது. அந்தக் காலத்துச் சிறையில் கைதிக்கு வேண்டியதை வெளியே இருக்கும் நண்பர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பினார்கள். வந்தவர் சாகக் கிடந்து பிழைத்தார். அதைச் சொல்லும்போது பவுல், "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடி தேவன் தனக்கும் இரங்கினார் என்கிறார் (2:27). சந்தோஷமாயிருங்கள் என்று சொல்கிறவரே அந்த மனிதர் செத்திருந்தால் தாங்கியிருக்கமாட்டேன் என்பதை மறைக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுகிறேன் என்கிறார். நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனத்துக்கு அடுத்ததுதான் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்". எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய வசனம் இத்தனைக்கும் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியாது.

வாசிக்கும் முன் அப்போஸ்தலர் 16ஐயும் ஒருதரம் பாருங்கள். மக்கெதோனியாவில் இருந்த பிலிப்பியில், இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில், பவுலையும் சீலாவையும் அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபம்பண்ணிப் பாடினார்கள், மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி அவர்கள் காயங்களைக் கழுவிய சிறைச்சாலைக்காரனும் பின்னால் இந்தக் கடிதம் அந்தச் சபையில் வாசிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க 1708 அக்டோபரில் தொடங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், அடுத்த மாதமே தரங்கம்பாடிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். சிறையில் எழுதப்பட்ட கடிதம், சிறைக்குப் போன ஒருவர் கை வழியாகத்தான் முதலில் தமிழ் அச்சுக்கு வந்தது.

வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் சொல்கிறோம். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றேன் என்கிறார். பட்டினியைத் தாங்கும் பெலனைப் பற்றிய வசனம் அது. புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 நிறைய பேருக்கு வரும். பத்தாம் வசனத்தில், சிறைப்பட்டுப்போன பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷத்தையும் தாங்குகிற வாக்கு என்று தெரிந்தால் அது இன்னும் கெட்டியாகும்.

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து

அதே நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, தினமும் படுக்கும் முன் மூன்று ஸ்தோத்திரம் எழுதுங்கள். ஒரு நிபந்தனை, எல்லாம் அன்று நடந்ததாக இருக்க வேண்டும். "ஜீவன், சுகம், பெலன்" என்று எழுதினால் மூன்றாம் நாள் கை மட்டும்தான் எழுதும், மனம் எழுதாது. "கரண்ட் போகவில்லை, அப்பாவுக்கு ஃபேன் ஓடியது." "இட்லி ஒன்றரை சாப்பிட்டார்." "பிசியோதெரபிக்கு வருகிற தம்பி இன்றைக்குக் காசு வாங்கவில்லை." இப்படி. பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினால்" தெரியப்படுத்தச் சொல்கிறது. விண்ணப்பம் முன்பக்கத்தில் இருக்கிறது, ஸ்தோத்திரம் பின்பக்கத்தில். நோட்டு முடியும்போது இரண்டும் நடுவில் சந்திக்கும்.

கஷ்டத்துக்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். கஷ்டத்தின் நடுவில் சொல்லுங்கள், அது போதும். அப்பாவின் பக்கவாதத்துக்காக நான் ஒருநாளும் ஸ்தோத்திரம் எழுதியதில்லை.

பாடுங்கள், குரல் எப்படி இருந்தாலும்

பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலரால் பழகின பாட்டைப் பாட முடியும். பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளை ஒரே வழியை மட்டும் நம்பியிருப்பதில்லையாம். இது எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அம்மா ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினார். அதுவரை "தண்ணி" என்று கேட்கக்கூட முடியாமல் இருந்த அப்பா, இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார். வார்த்தை வார்த்தையாக, அனுபல்லவி, சரணம் எல்லாம். இடது கையால் கட்டில் கம்பியில் தாளம் வேறு. பாட்டு முடிந்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. மறுபடி பாடினோம்.

இதனால்தான் சொல்கிறேன், நல்ல நாளிலேயே பத்துப் பாட்டுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஞானப்பாட்டோ கீர்த்தனையோ இப்போது பாடும் துதிப்பாடலோ, எதுவானாலும் சரி, புத்தகமும் திரையும் இல்லாமல் வர வேண்டும். அதில் குறைந்தது இரண்டு பாட்டு துக்கத்தில் பாடக்கூடியதாக இருக்கட்டும். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் வேறொருவர் எழுதிவைத்த வார்த்தையை வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை.

யாரிடம் போவது

தனியாக இதைச் செய்ய முடியாது. ஆனால் எல்லோரிடமும் போகவும் வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாக ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அந்த முதல் ஏழு நாள் நண்பர் ஒருவரைத் தேடுங்கள். "உங்க விசுவாசம் பத்தல", "வீட்டுல ஏதோ பாவம் இருக்கு" என்று சொல்கிறவர்களிடம் மரியாதையாக விலகுங்கள். இவ்வளவு காணிக்கை போட்டால் கடன் தீரும், நோய் தீரும் என்று கணக்குச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

சபைக்குப் புதியவர் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஆராதனை முடிந்ததும் கூட்டத்தில் சொல்லாமல், போதகரிடம் அரைமணி நேரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அல்லது பெண்கள் ஐக்கியத்திலோ வீட்டு ஜெபக்குழுவிலோ வயதான ஓர் அம்மாவைப் பாருங்கள். வருஷக்கணக்காக ஒருவரைப் பராமரித்தவரோ, பிள்ளையை இழந்தவரோ எல்லாச் சபையிலும் இருப்பார். என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் அப்பாவோடு உட்காருவீங்களா?" நம் ஆட்களுக்கு உதவ மனசு இருக்கும், என்ன செய்வது என்றுதான் தெரியாது. முடிகிறபோது நீங்களும் ஒருவருக்கு அப்படி ஏதாவது செய்யுங்கள், ஒரு டிபன் கேரியர் சாப்பாடானாலும் சரி.

ஒன்றுமே தோன்றாத நாட்கள்

வரும். எல்லாம் செய்தும் கல்லாக இருக்கும் நாட்கள். அந்த நாட்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, திருப்பமே கிடையாது. அப்படி ஒரு ஜெபத்தையும் கர்த்தர் தம் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்றால் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நினைவு வரும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்து, ஓடியாடிக்கொண்டிருந்தவர் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். ஏறக்குறைய இருபது வருஷம் வலி. சுகத்துக்காக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். நம் ஊர் மண்ணிலேயே இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று நினைத்துக்கொள்வது, சுகம் கிடைத்த சாட்சிகளை மட்டுமே கேட்டுச் சோர்ந்துபோனவர்களுக்கு நல்லது.

ஆனால் கல்லாக இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் போய், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண். எலியாவுக்கு அடை கொண்டுவந்த தூதனைப்போல அந்தக் குரலையும் கர்த்தர் அனுப்பலாம்.

இந்தச் சந்தோஷம் கடைசிவரை நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் நம் முயற்சியில் இல்லை. சிலுவைக்குப் போகும் முந்தின ராத்திரி இயேசு சீஷர்களிடம், நான் மறுபடியும் உங்களைக் காண்பேன், "உங்கள் சந்தோஷத்தை ஒருவனும் உங்களிடத்திலிருந்து எடுத்துப்போடமாட்டான்" என்றார் (யோவான் 16:22). மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது என்பது உண்மையானால், சாவுகூட அந்த "ஒருவனும்" என்பதற்குள் அடங்கிவிடுகிறது. அது உண்மை என்று நான் நம்புகிறேன். நோட்டும் பாட்டும் வாசிப்பும் அதைத் தினமும் நினைவில் வைக்கத்தான்.

அப்பா மூன்றாம் வருஷம் ஒரு விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்து, ஆட்கள் போய், வீடு கழுவிவிட்ட பிறகு, பழக்கத்தில் கை நோட்டை எடுத்தது. முன்பக்கம் ஒரு வரி: "எதுவரைக்கும் கர்த்தாவே." பின்பக்கம் மூன்று:

"எதிர்வீட்டு அக்கா காபி போட்டுக் கொண்டுவந்து, குடிக்கும்வரை நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மா அழுதுகொண்டே பாடினார்கள்.

அப்பா நேற்று ராத்திரி மூன்று சரணமும் பாடிவிட்டுத்தான் தூங்கினார்."